இன்னும் ஒன்றும் ஆகாதது

ஜூன் 11, புதன்

பொடுசு,

உன் தங்கச்சியோடு இன்றைக்கு இந்த அறைக்குள் வந்துவிட்டேன். இதற்கு இரண்டு கதவு. முதல் கதவைச் சாத்தினால்தான் இரண்டாவது திறக்கும். ஜன்னல் ஒன்று இருக்கிறது, அது திறக்காது. கண்ணாடி வழியாகக் கீழே பஸ் நிற்கிற இடம் தெரிகிறது. ஒரு மாதமாவது நாங்கள் இரண்டு பேரும் இதற்குள்தான்.

இந்த நோட்டை ஷீபா சிஸ்டர் கொடுத்தார். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். காய்ச்சல் எவ்வளவு, ஒன்றுக்கு எவ்வளவு போனாள், எத்தனை தடவை வாந்தி, எல்லாவற்றையும் மணி போட்டு எழுத வேண்டுமாம்.

"நான் அஞ்சாவதோட நின்னவ சிஸ்டர்" என்றேன்.

"அஞ்சாவது படிச்சவியளுக்கு மணி பாக்கத் தெரியாதோ? எழுதுங்கக்கா" என்றார்.

முன்பக்கத்திலிருந்து சிஸ்டருக்கு எழுதுகிறேன். பின்பக்கத்திலிருந்து உனக்கு. உங்கப்பாவிடம் சொல்லவில்லை.

மிதுனாவுக்குப் பதினொரு வயது முடிந்துவிட்டது. நீ போன வயது. அவளுடைய எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோய்விட்டது. இருக்கிற மஜ்ஜையை மருந்து கொடுத்து அழித்துவிட்டு, என் உடம்பிலிருந்து எடுப்பதை அவளுக்கு ஏற்றப் போகிறார்கள். எனக்கும் அவளுக்கும் பாதிப் பொருத்தம்தான். கூடப் பிறந்தவர்கள் என்றால் முழுப் பொருத்தம் அமையலாமாம். போன மாதம் நளாயினி டாக்டர் கேட்டார்.

"வேற குழந்தைங்க இருக்காங்களா?"

"ஒருத்தி இருந்தா. ஆறு வருசம் ஆச்சு."

"என்ன ஆச்சு அவளுக்கு?"

"காய்ச்சல்" என்றேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். உங்கப்பா என் முகத்தைப் பார்த்தார்.

ஜூன் 12, வியாழன்

காலையில் என் வளையல், மூக்குத்தி, மிதுனாவின் அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் கழற்றி ஒரு கவரில் போட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். தாலியை மட்டும் மருந்தில் துடைத்துப் போட்டுக்கொள்ள விட்டார்கள். துணியை வேகவைத்து, தேய்த்து, கவரில் கட்டிக் கொடுக்கிறார்கள். உங்கப்பா லாட்ஜில் குக்கர் வைத்துச் சமைத்து, சூடு ஆறுவதற்குள் கீழே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். பச்சையாக எதுவும் கூடாது. கொத்தமல்லி இலை மேலே கிடந்தால்கூடத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

உன் தாயத்தை மட்டும் நான் கொடுக்கவில்லை. நீ பிறந்து ஏழாம் நாள் விழுந்த தொப்புள்கொடி, காய்ந்து, அந்தச் செம்புக் குழலுக்குள் இருக்கிறது. ஆறு வருஷமாக அது என் இடுப்பில். இன்றைக்குப் பாவாடை நாடாவுக்குள் செருகி வைத்துவிட்டேன். லாட்ஜில் ஒரு அம்மா சொன்னாள், இந்த வைத்தியத்துக்கு வேண்டிய செல் தொப்புள்கொடியில்தான் நிறைய இருக்குமாம். முழுப் பொருத்தம் உன்னுடையதாக இருந்தால் என்ன செய்வது என்று நினைத்தேன். அதனால்தான் கொடுக்கவில்லை. வேறு ஒன்றுமில்லை.

ஜூன் 14, சனி

மருந்து ஆரம்பித்து மூன்றாவது நாள். ஒன்பது தடவை வாந்தி. தலைமுடி விழுவதற்குள் நாமே எடுத்துவிடலாம் என்று சிஸ்டர் மெஷின் கொண்டுவந்தார். மிதுனா கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நம்ம ஜவ்வரிசி மில்லு முதலாளி மாதிரி இருக்கேன்மா, நாளைலருந்து நீ எனக்கு வணக்கம் வெக்கணும்" என்றாள். சிரித்தேன். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சிறிது நேரம் நின்றேன்.

கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னாள். திருப்பினோம். பஸ்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் இரண்டு பேரும் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. கடைசியாகச் சேலத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஆத்தூர் பஸ்ஸில் வந்தோமே, அன்றைக்கு நீயே எழுந்து அவளை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தாய். "நீ பாத்துட்டு வாடி" என்றாய். அடேயப்பா, பெரிய மனுஷி ஆகிவிட்டாளே என்று நான் நினைத்தேன்.

ஜூன் 16, திங்கள்

எனக்கும் நாலு நாளாகக் காலையில் ஒரு ஊசி போடுகிறார்கள். எலும்புக்குள் இருக்கிற செல்களை ரத்தத்துக்குக் கிளப்பிவிட. இடுப்பு, நெஞ்செலும்பு எல்லாம் உள்ளிருந்து யாரோ இடிப்பது மாதிரி வலிக்கிறது. வலிப்பது நல்லது என்கிறார்கள்.

டாக்டரிடம் கேட்டுவிட்டேன். என்னிடம் இருப்பதைச் சொல்லவில்லை. பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"ஏங்க டாக்டர், தாயத்துல தொப்புள்கொடி வெச்சிருப்பாங்கல்ல. அதுல அந்தச் செல்லு இருக்குமா?"

அவர் சிரிக்கவில்லை. "கொடியில இருக்கற ரத்தத்துலதான் இருக்கும். அதையும் பொறந்த உடனே எடுத்து உறைய வெக்கணும். காஞ்சு போச்சுன்னா அதுல எதுவும் உயிரோட இருக்காது தனக்கொடி."

சரி என்று தலையாட்டினேன். எதுவும் உயிரோடு இல்லை என்பது எனக்குத் தெரியாதா. இருந்தாலும் மத்தியானம் அவள் தூங்கும்போது அதை எடுத்துத் தலையணை உறைக்குள், ஓரத்தில், வைத்துவிட்டேன். நீ பக்கத்தில் இருந்த மாதிரி இருக்கும்.

ஜூன் 17, செவ்வாய்

உன் தங்கச்சியின் வாய் சும்மா இருக்காது. ஆறாவது அறிவியல் புத்தகத்தை மருந்தில் துடைத்துக் கவர் போட்டு உள்ளே விட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு டாக்டரிடம், "எதுக்குக் கோடிக் கணக்குல ஏத்தறீங்க? பெருசா ஒரே ஒரு செல்லு, பூசணிக்கா மாதிரி, உள்ள விட்டா ஆவாதா? எந்தக் கிருமி வந்தாலும் ஒரே மிதி" என்றாள்.

டாக்டர் மருந்துப் பெட்டிகள் எட்டு எடுத்து மேசையில் தனித்தனியாக வைத்தார். எல்லாம் ஒரே அளவு.

"இது ஒவ்வொண்ணும் ஒரு செல். சாப்பாடு, காத்து எல்லாம் அதோட தோல் வழியாத்தான் உள்ள போகணும். வாய் கிடையாது. இப்ப ஒவ்வொண்ணுக்கும் எத்தனை பக்கம் வெளிய தெரியுது?"

"ஆறு. எட்டுக்கு நாப்பத்தெட்டு."

டாக்டர் எட்டையும் சேர்த்து ஒரே பெரிய பெட்டியாக அடுக்கினார். "இப்ப எண்ணு."

மிதுனா சுற்றிச் சுற்றி எண்ணினாள். "இருவத்திநாலு. பாதி உள்ள மறஞ்சிருச்சு."

"வயிறு அதேதான். தோல் பாதி ஆயிடுச்சு. இன்னும் பெருசானா இன்னும் மோசம். நடுவுல இருக்கறதுக்குச் சாப்பாடு போய்ச் சேராது, கழிவு வெளிய வராது. அதனாலதான் ஓர் அளவு வந்ததும் அது ரெண்டாப் பிரிஞ்சிடும். சின்னதா இருக்கறதுதான் அதுக்குப் பலம்."

எனக்கு இது உடனே புரிந்தது. நம் ஜவ்வரிசி மில்லில் சல்லடையில் தங்குகிற மொத்தை உருண்டையை எடுத்து வேகவைத்தால், வெளியே கண்ணாடி மாதிரி ஆகிவிடும், நடுவில் வெள்ளைக் கண் அப்படியே மாவாக நிற்கும். எவ்வளவு கொதித்தாலும் சூடு உள்ளே போய்ச் சேராது. பொடி ஜவ்வரிசி இரண்டு கொதியில் வெந்துவிடும்.

புரிந்தபிறகுதான் அது ஞாபகம் வந்தது. உன் முதல் ரத்தச் சோதனைக் காகிதத்தை ஆத்தூரில் ஒருவர் படித்துச் சொன்னாரே, "ரத்தம் கம்மி, ஆனா செவப்பணு ஒவ்வொண்ணும் சாதாரண அளவ விடப் பெருசு பெருசா இருக்கு" என்று. நான் சந்தோஷப்பட்டேன். ஆள் பொடுசாக இருந்தாலும் ரத்தம் பெரிசு என்று மில்லில் எல்லோரிடமும் சொன்னேன். இரும்பு டானிக் வாங்கிக் கொடுத்து எட்டு மாதம் சும்மா இருந்தேன்.

டாக்டர் பெட்டிகளை அள்ளும்போது, "செவப்பணு பெருசா இருந்தா நல்லதில்லையா?" என்று கேட்டேன்.

"இல்ல. போதுமான அளவு உருவாக முடியாதப்போ, ஒழுங்காப் பிரியாம அவசரத்துல அப்படி ஊதி வரும். இந்த நோய்க்கு அதுதான் மொத அடையாளம். ஏன் கேக்கறீங்க?"

"சும்மா" என்றேன்.

ஜூன் 18, புதன்

இன்றைக்கு என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். உங்கப்பா உள்ளே வந்து மிதுனாவிடம் இருந்தார்.

நான் என்னவெல்லாம் நினைத்திருந்தேன் தெரியுமா. முதுகெலும்பைத் துளைப்பார்கள், இடுப்பை அறுப்பார்கள், எழுந்து நடக்க ஆறு மாதம் ஆகும். அப்படியெல்லாம் இல்லை. ஒரு நாற்காலி. இந்தக் கையில் ஓர் ஊசி, அந்தக் கையில் ஓர் ஊசி. இதில் ரத்தம் வெளியே போய் ஒரு மெஷினைச் சுற்றி அதில் திரும்ப வந்தது. நாலு மணி நேரம். உதட்டைச் சுற்றி எறும்பு ஊறுகிற மாதிரி இருந்தது, சுண்ணாம்புச் சத்துக்கு ஒரு மருந்து கொடுத்தார்கள். மேலே தொங்கிய பையில் தக்காளி ரசம் மாதிரி ஒன்று சேர்ந்தது. அவ்வளவுதான்.

மெஷின் பார்க்கிற பெண்ணிடம் கேட்டேன். "சின்னப் புள்ளைங்ககிட்ட எடுத்தா எப்படிங்க?"

"அவங்களுக்கு மயக்கம் குடுத்து இடுப்பெலும்புல ஊசியால உறிஞ்சுவாங்கம்மா. ரெண்டு நாள் வலிக்கும். மூணாம் நாள் ஓடி வெளையாடும்."

"மொடமாயிடாதா?"

"யாரு சொன்னா?" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

பஞ்சு வைத்த கையை மடக்கிக்கொண்டு அறைக்குத் திரும்பினேன். உங்கப்பா, "வலிச்சுதா புள்ள?" என்று கேட்டார். இல்லை மாமா என்றேன். அதற்கு மேல் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

பதினொரு மணிக்கு ஏற்ற ஆரம்பித்தார்கள். நெஞ்சில் போட்டிருக்கிற குழாய் வழியாக, சாதாரண ரத்தம் ஏற்றுகிற மாதிரி. அறை முழுக்க வேகவைத்த சோள வாடை மாதிரி ஏதோ வரும் என்று லாட்ஜ் அம்மா சொல்லியிருந்தாள். அது உறைய வைத்துக் கொடுப்பதில்தானாம், இதில் ஒன்றும் வரவில்லை.

"அம்மா, உன் செல்லு எனக்குள்ள வந்துட்டா நானும் உன்ன மாதிரிக் காலங்காத்தால எழுந்து வாசல் பெருக்குவனா?" என்றாள்.

ஷீபா சிஸ்டர், "பெருக்குவ, பாத்திரமும் வெளக்குவ, அம்மைய மாரி எல்லாத்துக்கும் பயந்து சாவ" என்றார்.

குழாயில் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதில் எது சிவப்பணு, எது கிருமியோடு சண்டை போடுவது, எது ரத்தத்தை உறைய வைப்பது என்று கேட்டேன். டாக்டர் சொன்னார். "நமக்கு வேண்டியது இதுல இன்னும் எதுவுமே ஆகாதது. இன்னும் ஒண்ணும் ஆகாததாலதான் அது எதா வேணா ஆக முடியும்."

"நெஞ்சுக் குழாயில விடறது எலும்புக்குள்ள எப்படிப் போகும்? வழி யார் சொல்லுவா?"

"அதுவாவே போகும். எலும்புக்குள்ள இருக்கற இடம் அதைக் கூப்பிடும். போய் உக்காந்ததும் பக்கத்துல இருக்கற செல்லெல்லாம் எதுக்குப் பஞ்சம்னு அதுக்குத் தெரியப்படுத்தும். அதுக்கேத்த மாதிரி மாறும். மாறினப்பறம் திரும்ப முடியாது. செவப்பணுவா ஆனது ஆனதுதான்."

மில் ஞாபகம்தான் வந்தது. புதிதாக வருகிற பெண்ணுக்கு ஒரு வேலையும் தெரியாது. எங்கே ஆள் குறைவோ அங்கே மேஸ்திரி நிறுத்துவார், சல்லடையோ, வறுக்கிற தட்டோ, காயப்போடுகிற களமோ. என்னைத் தட்டில் நிறுத்தினார்கள். பத்து வருஷம் சூட்டில் துழாவித் துழாவிக் கை அதற்கென்றே ஆகிவிட்டது. இப்போது களத்துக்குப் போ என்றால் எனக்குக் கூட்டித் தள்ள வராது.

மனுஷியும் அப்படித்தானா? ஒரு நாள், ஓர் இடத்தில், ஒரு வார்த்தை சொல்கிறோம். அதாகவே ஆகிவிடுகிறோமா?

ஒன்றரை மணிக்குப் பை காலியானது. சுவரில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பலகையில் சிஸ்டர் பூஜ்யம் என்று எழுதினார். இன்றைக்குப் பூஜ்யமாம் நாள். இங்கிருந்துதான் எண்ண வேண்டும்.

ஜூன் 21, சனி

அவளுடைய வெள்ளை அணு எண்ணிக்கையைத் தினமும் காலையில் பலகையில் எழுதுகிறார்கள். 40.

ஜூன் 24, செவ்வாய்

பூஜ்யம். இப்படித்தான் இறங்க வேண்டுமாம். பிறகுதான் ஏறுமாம். வாய் முழுக்கப் புண். எச்சில் விழுங்க முடியாமல் கிண்ணத்தில் துப்புகிறாள். எட்டு தடவை வாய் கொப்பளிக்க வைத்தேன். துணி மாற்றினேன். தரை துடைத்தேன். ஒன்றுக்கு அளந்தேன்.

சுத்தம் செய்துகொண்டே இருந்தால் பயம் தெரிவதில்லை. உட்கார்ந்தால் வந்துவிடுகிறது.

ஜூன் 27, வெள்ளி

காலை ஆறு மணிக்குக் காய்ச்சல் 101. எட்டு மணிக்கு 103.4. முன்பக்கத்தில் எழுதும்போது கை ஓடவில்லை. உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது. டாக்டர்கள் நாலு பேர் வந்துவிட்டார்கள். நெஞ்சுக் குழாயிலிருந்து ரத்தம் எடுத்துப் போனார்கள். எந்தக் கிருமி, எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும் என்றார்கள்.

எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

தலையணை உறையை மாற்றுகிற சாக்கில் தாயத்தை எடுத்து மடியில் செருகினேன். பிறகு நினைத்தேன், ஒரு தடவை வாயைத் திறந்து ஒருத்தியை விட்டேன். இப்போது வாயை மூடிக்கொண்டு இன்னொருத்தியை விடப் போகிறேனா?

ஷீபா சிஸ்டரிடம் நீட்டினேன். "சிஸ்டர், இது பத்து நாளா தலகாணிக்குள்ள இருந்துச்சு."

அவர் முகம் மாறிவிட்டது. கையுறை மாட்டிய கையால் வாங்கி ஜிப் கவருக்குள் போட்டார். "யக்கா. என்ன காரியம் பண்ணிட்டிய" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"திட்டுங்க சிஸ்டர்."

"திட்ட நேரமில்ல. மொதல்ல பிள்ளைய திருப்பிப் பிடிங்க, உறை முழுக்க மாத்தணும்."

ஜூன் 28, சனி

103. கண் திறக்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

102. ரத்த அழுத்தம் குறைகிறது என்றார்கள். ஏதோ ஒரு மருந்தை மெஷினில் சொட்டுச் சொட்டாகப் போடுகிறார்கள். தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றுவதா என்று கதவுக்கு வெளியே நின்று பேசினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசினாலும் உள்ளே எனக்கு எல்லாம் கேட்டது. மெதுவாகத்தான் பேசினார்கள். ஆனாலும் கேட்டது.

கட்டிலில் கிடப்பவர்களுக்குக் கேட்காது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள்.

ஜூன் 30, திங்கள்

100.2. எண்ணிக்கை பூஜ்யம்.

டாக்டர் என்னை வெளி அறைக்குக் கூப்பிட்டார். கிருமி எது என்று தெரிந்துவிட்டதாம். அவளுடைய குடலுக்குள்ளேயே எப்போதும் இருப்பது. காவல் இல்லாத நேரம் பார்த்து ரத்தத்துக்குள் வந்துவிட்டது. தாயத்தால் வரவில்லை. "ஆனா இனி எதையும் மறைக்காதீங்க. மறைக்கறதுலதான் ஆபத்து" என்றார். பிறகு, "அது யாரோட தாயத்து?" என்று கேட்டார்.

சொல்லிவிட்டேன் பொடுசு. உன்னை எல்லோரும் ஏன் பொடுசு என்று கூப்பிட்டோம், மூன்றாவது படிக்கிறபோதும் பால்வாடிப் பிள்ளை அளவுதான் இருந்தாய், இடது கட்டைவிரல் சூம்பி இருந்தது, முதுகில் காப்பித்தூள் தடவிய மாதிரித் திட்டு, அது அதிர்ஷ்ட மச்சம் என்று நாங்கள் சொன்னது, பெரிய பெரிய சிவப்பணு, எல்லாம் சொன்னேன். காய்ச்சலால் நீ போகவில்லை என்று சொன்னேன்.

"அப்ப சேலத்துல டாக்டர் என்ன சொன்னாங்க?"

"சின்னவளுக்கு ரத்தம் பாக்கணும், பொருந்துனா அவகிட்டருந்து எலும்புச் சத்து எடுத்துப் பெரியவளுக்கு வெக்கலாம்னாங்க. அவளுக்கு அப்ப அஞ்சு வயசு."

"நீங்க?"

"வேணாம்னுட்டேன்."

என்ன வார்த்தையில் சொன்னேன் என்று டாக்டரிடம் சொல்லவில்லை.

உன் பழைய காகிதங்களும் ஒரு போட்டோவும் உங்கப்பாவின் பையில் இருக்கின்றன. போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்.

ஜூலை 2, புதன்

காய்ச்சல் இல்லை. எண்ணிக்கை 60. இறக்கத்துக்குப் பிறகு முதல் ஏற்றம். சிஸ்டர் பலகையில் எழுதிவிட்டு ஒரு நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மத்தியானம் டாக்டர் வந்தார். உன் போட்டோவில் கையைப் பெரிதாக்கிப் பார்த்தாராம்.

"தனக்கொடி, இதை நல்லா மனசுல வாங்கிக்கங்க. பெரியவளுக்கும் இதே நோய்தான். செல் பிரியறப்போ வர்ற பழுதைச் சரி பண்ண முடியாத நோய். பொறவியிலயே வர்றது. உங்ககிட்ட பாதி, உங்க வீட்டுக்காரர்கிட்ட பாதி, நீங்க சொந்தத்துல கட்டினதால ரெண்டும் ஒண்ணா சேந்துடுச்சு. மிதுனாவுக்கும் அது பொறக்கறப்பவே இருந்திருக்கு, வெளியதான் தெரியலை. அன்னைக்கு அவகிட்டருந்து எடுத்துப் பெரியவளுக்கு வெச்சிருந்தாலும் அதுலயும் அதே குறைதான். நின்னிருக்காது. நீங்க வேணாம்னு சொன்னதால எதுவும் கெடலை."

"கெடலைங்களா?"

"கெடலை."

உங்கப்பாவுக்குப் போனில் சொன்னேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "இனியாவது தூங்குவியா புள்ள?" என்றார்.

பொடுசு என்று ஆசையாகக் கூப்பிட்டதாக நினைத்தேன். உன் நோயைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன்.

ஜூலை 3, வியாழன்

140.

தூக்கம் வரவில்லை. அம்மாவின் பாதிப் பொருத்தமே போதும் என்று இப்போது இந்த ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள். அன்றைக்கு என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அப்போது என் எலும்பை நோண்டினால் நான் முடமாகிவிடுவேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை, பயமே இல்லை, ஆனால் கேட்கவும் தோன்றவில்லை.

அதையும் டாக்டரிடம் கேட்டால் எதையாவது சொல்லி ஆற்றுவார். கேட்கவில்லை.

ஜூலை 5, சனி

620.

ஷீபா சிஸ்டர் எண்ணைப் பெரிதாக எழுதி, சுற்றி ஒரு பூ வரைந்தார். "பிடிச்சிட்டுக்கா. உங்க செல்லு போய்ப் பிடிச்சிட்டு."

ஐந்நூறுக்கு மேல் மூன்று நாள் நின்றால்தான் உறுதியாம். இன்னும் இரண்டு நாள். என் உடம்பிலிருந்து போன, ஒன்றும் ஆகாதது ஏதோ ஒன்று, இருட்டுக்குள் வழி தேடிப்போய் எலும்புக்குள் உட்கார்ந்து, அங்கே என்ன வேண்டுமோ அதுவாக ஆகிவிட்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு அதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.

மிதுனா அரை டம்ளர் கஞ்சி குடித்தாள். உப்பு இல்லை என்று குறை சொன்னாள்.

ஜூலை 6, ஞாயிறு

780. பாத்திரம், துணி, தரை. வாந்தி இல்லை.

ஜூலை 7, திங்கள்

1,100. மூன்று நாள் ஆகிவிட்டது. டாக்டர் கையெழுத்துப் போட்டார். இன்னும் நூறு நாள் பார்க்க வேண்டும், எதிர்ப்பு வரலாம், கிருமி வரலாம். இந்த நோய்க்காரர்களுக்கு வளர்ந்த பிறகும் வேறு வேறு சோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். ஆனாலும் பிடித்துவிட்டது.

தாயத்தை உங்கப்பா வாங்கி லாட்ஜில் சாமி படத்தடியில் வைத்திருக்கிறார்.

மிதுனா தலையணையில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம்மா, வீட்டுக்குப் போறப்ப ஜன்னல் சீட்டு எனக்கு."

"பஸ்லயெல்லாம் போகக் கூடாது. கார்லதான்."

"கார்லயும் ஜன்னல் இருக்குல்ல. அக்கா இருந்தா சண்டைக்கு வந்திருப்பா. கடைசித் தடவ மட்டும்தான் சும்மா குடுத்துட்டா. எதுக்குக் குடுத்தான்னே தெரியல. என் கையப் புடிச்சுக்கிட்டே வந்தா."

நான் அவளுடைய ஒன்றுக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அளந்தேன். இருநூற்று ஐம்பது. முன்பக்கத்தில் எழுதினேன். பிறகு நோட்டைத் திருப்பினேன்.

டாக்டரிடம் சொல்லாததை உனக்கு எழுதிவிடுகிறேன். சேலத்தில் உன் கட்டில் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. மத்தியானம் மூன்று மணி. அந்த டாக்டர் வாசலில் நின்று கேட்டார். நானும் வாசலில் நின்றுதான் சொன்னேன். "இருக்கறதையும் எலும்ப நோண்டி மொடமாக்கணுமா? வேணாங்க. போறது போவட்டும், இருக்கறது இருக்கட்டும்." மெதுவாகத்தான் சொன்னேன். உள்ளே வந்து பார்த்தேன். நீ சுவர் பக்கம் திரும்பிப் போர்வையை இழுத்து மூடியிருந்தாய். விலக்கிப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. இமை மட்டும் ஆடியது. கனவு காண்கிறாய் என்று நினைத்தேன்.

நாலு நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் சீட்டு. வீட்டுக்கு வந்ததும் உன் கொலுசைக் கழற்றி அவளுக்குப் போட்டுப் பார்த்தாய். பெரிதாக இருந்தது, நூல் சுற்றி அளவாக்கினாய். பிறகு டாக்டரிடம் எப்போது போகிறோம் என்று ஒரு நாளும் நீ என்னைக் கேட்கவில்லை.

எதுவும் கெடவில்லை என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். படித்தவர், பொய் சொல்ல மாட்டார். அதை நான் நம்புகிறேன். இது ஒன்றை மட்டும் எனக்குச் சொல்லிவிடு.

பொடுசு, அன்றைக்கு நீ தூங்கிக்கொண்டுதானே இருந்தாய்?